மலைத்தொடருக்குள் மறைந்த கடலைத் தேடுவது எப்படி

ஒரு மலைத்தொடரைப் பற்றிப் பேச்செடுத்தவுடன் பெரும்பாலோர் கேட்பது அதன் உயரத்தைத்தான். மலை எப்படி உருவானது என்று அறிய விரும்புபவருக்கு அந்த எண்ணால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. இன்றுள்ள உயரத்தை மழையும் ஆறும் பனியாறும் சில கோடி ஆண்டுகளில் கரைத்துவிடும். ஆனால் மலையை எழுப்பிய நிகழ்வு பாறைகளில் பதித்துச் சென்ற தடயங்கள், அந்த மலை தேய்ந்து சமவெளியான பின்பும் நிலைத்திருக்கும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது வேறொரு கேள்வி: இந்த இடத்தில் முன்பு எந்தக் கடல் இருந்தது, அது எங்கே போயிற்று? உலகின் நீண்ட மலைத்தொடர்களில் ஏறத்தாழ எல்லாமே, ஒரு கடல்தளம் அழிந்துகொண்டிருக்கும் இடத்திலோ அழிந்து முடிந்த இடத்திலோதான் நிற்கின்றன. அந்தக் கடலைத் தேடும் முறையே இங்கே விளக்கப்படுகிறது.

தொடங்குமுன்

ஒரு தவறான சித்திரத்தை முதலில் மனத்திலிருந்து அகற்றிவிட வேண்டும். புவித்தட்டுகள் உருகிய பாறைக் குழம்பின் மேல் படகுகளைப் போல மிதக்கின்றன என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. அது சரியல்ல. தட்டு என்பது புவியின் மேலோடும், அதற்கு அடியிலுள்ள பாறை அடுக்கான கவசத்தில் அதனுடன் ஒட்டியிருக்கும் இறுகிய மேற்பகுதியும் சேர்ந்த, சுமார் 100 கிலோமீட்டர் தடிப்புள்ள பாறைப் பலகை. அதற்குக் கீழே இருப்பதும் திடப்பாறைதான். வெப்பத்தால் தளர்ந்திருப்பதால், நீண்ட காலப்போக்கில் மிக மெதுவாக வழிந்து நகரும் இயல்பு அதற்கு உண்டு. தட்டுகளை நகர்த்தும் விசைகளில் முதன்மையானது, குளிர்ந்து கனத்த கடல்தளம் தன் எடையாலேயே கவசத்துக்குள் அமிழ்ந்து, தனக்குப் பின்னால் உள்ள தட்டை இழுப்பதுதான்.

கண்ட மேலோடு சுமார் 35 கிலோமீட்டர் தடிப்புடையது, எடை குறைந்தது. கடல்தள மேலோடு சுமார் 7 கிலோமீட்டர் தடிப்பே உடையது, ஆனால் அடர்த்தி மிகுந்தது. நடுக்கடல் மலைத்தொடரில் பிறக்கும் கடல்தளம், வயதாக ஆகக் குளிர்ந்து கனத்து, இறுதியில் அமிழ்ந்துவிடுகிறது. கண்டமோ அவ்வாறு ஆழ அமிழ்வதில்லை. பெருங்கடல்களின் தளத்தில் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளைத் தாண்டிய பாறை கிடைக்காமல் இருப்பதற்கும், கனடாவில் 400 கோடி ஆண்டுப் பழமையுள்ள கண்டப்பாறை இன்றும் இருப்பதற்கும் காரணம் இந்த வேறுபாடுதான். அந்த 20 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கடல்களைப் பற்றி அறிய வேண்டுமானால் கண்டங்களின் மலைகளுக்குள் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

தேடுவதற்கு மூன்று வரைபடங்கள் போதும். கடலடி நிலத்தோற்றத்தையும் சேர்த்துக் காட்டும் ஒரு நிலத்தோற்ற வரைபடம், நிலநடுக்கங்களை அவை நிகழ்ந்த ஆழத்துக்கு ஏற்ப நிறம் பிரித்துக் காட்டும் ஒரு வரைபடம், பாறைகளின் வகையையும் வயதையும் காட்டும் ஒரு நிலவியல் வரைபடம். நேரில் சென்று பாறையைப் பார்க்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டாலும் கணிசமான தூரம் செல்லலாம்.

எல்லா மலைக்கும் இந்த முறை பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹவாய்த் தீவுகளின் எரிமலைகள் தட்டின் நடுவே, கீழிருந்து எழும் வெப்பத்தால் உருவானவை. தென்னாப்பிரிக்காவின் டிராகென்ஸ்பர்க்கும் இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையும், கண்டம் பிளந்தபோது உருவான ஓரங்கள் உயர்ந்து அரிக்கப்பட்டு நிற்பவை. இவற்றில் மறைந்த கடலைத் தேடினால் வீண் அலைச்சல்தான் மிஞ்சும்.

கடல் இன்னும் இருக்கிறதா?

மலைத்தொடரின் அருகே ஆழ்கடல் அகழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி ஏறத்தாழ 8,000 மீட்டர் ஆழம்வரை இறங்கும் அகழி ஒன்று நீண்டு கிடக்கிறது. அதற்கு இணையாக, உள்நாட்டில் 200 முதல் 300 கிலோமீட்டர் தொலைவில், ஆண்டீஸ் மலையின் எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. பிறகு நிலநடுக்க வரைபடத்தை எடுத்து, அகழியிலிருந்து கிழக்கே செல்லச் செல்ல நடுக்கங்களின் ஆழம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். கரையோரத்தில் ஆழம் குறைந்தவை, மலைக்கு அடியில் 100 கிலோமீட்டர் அளவில், அதற்கும் கிழக்கே 600 கிலோமீட்டருக்கும் கீழே. 1994-இல் பொலிவியாவுக்கு அடியில் நிகழ்ந்த பெரும் நடுக்கம் அத்தகைய ஆழத்தில்தான் தோன்றியது. சாய்ந்த பலகை போல் அமையும் இந்தப் புள்ளிகள், அகழிக்கு மேற்கே உள்ள கடல்தளமான நாஸ்கா தட்டு கண்டத்துக்குக் கீழே சரிந்து செல்லும் பாதையையே வரைந்து காட்டுகின்றன.

எரிமலைகள் ஏன் அந்தத் தொலைவில் மட்டும் தோன்றுகின்றன என்பது நின்று கவனிக்கத்தக்கது. அமிழும் தட்டு உருகி மேலே வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், கடல்தளக் கனிமங்களுக்குள் பிணைந்திருக்கும் நீர், தட்டு சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தை அடையும்போது பிழியப்பட்டு வெளியேறுகிறது. அந்த நீர் மேலேயுள்ள சூடான கவசப்பாறையில் கலந்து அதன் உருகுநிலையைக் குறைக்கிறது. உருகுவது அந்தப் பாறைதான். ஆகவே எரிமலை வரிசை என்பது, தட்டு அந்த ஆழத்தைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே வரையப்பட்ட கோடு. தட்டு மிகத் தட்டையாகச் சரியும் சில பகுதிகளில் அந்தக் கோடு அறுந்துவிடும். ஆண்டீஸின் மிக உயர்ந்த சிகரமான 6,961 மீட்டர் அகொன்காகுவா அத்தகைய எரிமலையற்ற இடைவெளியில்தான் நிற்கிறது. ஆகையால் எரிமலை இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

அகழியும் இல்லை, எரிமலை வரிசையும் இல்லை, மலையின் இருபுறமும் கண்டமே உள்ளது என்றால், கடல் முழுவதும் விழுங்கப்பட்டு இரு கண்டங்கள் மோதியிருக்க வாய்ப்புண்டு. இமயமும் ஆல்ப்ஸும் ஈரானின் சாக்ரோஸும் யூரலும் இந்த வகையைச் சேர்ந்தவை.

தையலைக் கண்டுபிடித்தல்

இரு கண்டங்கள் ஒட்டிய இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். நிலவியலாளர்கள் அதைத் தையல் என்றே அழைக்கின்றனர். இந்த வேலையின் மையமும் இதுதான். பொறுமையை இங்கே செலவிடுவது தகும்.

அடிக்கடி நேரும் ஒரு பிழையிலிருந்து தொடங்கலாம். எவரெஸ்டின் உச்சியில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் நிறைந்த சுண்ணாம்புக்கல் இருப்பதைக் காட்டி, மறைந்த கடலின் தளம் அதுவே என்று கூறுவதுண்டு. அந்தச் சுண்ணாம்புக்கல் 45 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. கண்ட மேலோட்டின் விளிம்பைச் சற்றே மூடியிருந்த ஆழமற்ற கடலில் படிந்தது. கடல் நீர் அங்கே இருந்தது என்பதற்கு அது சான்று. ஆனால் தையலுக்குத் தேவைப்படுவது கடலின் தளமாக இருந்த பாறை, அதாவது நடுக்கடல் மலைத்தொடரில் பிறந்த பாறை. சுண்ணாம்புக்கல்லைக் கண்டவுடன் நின்றுவிடுபவர், கடலின் கரையில் நின்றுகொண்டு கடலைக் கண்டுவிட்டதாகச் சொல்பவர்.

கடல்தளத் துண்டு மலைக்குள் சிக்கியிருந்தால் அதற்கு ஒஃபியோலைட் என்று பெயர். அதன் அடுக்குமுறையை நினைவில் வைத்திருங்கள். அடியில் கவசத்தைச் சேர்ந்த பெரிடோடைட், அதன் மேல் பெரும் படிகங்களுடைய காப்ரோ, அதற்கும் மேல் சீட்டுக்கட்டைச் செங்குத்தாக நிறுத்தியது போன்ற பாறைச் சுவர்கள், பிறகு நீருக்கடியில் வெளிவந்து தலையணைகள் போல் உருண்டு இறுகிய பசால்ட், அனைத்துக்கும் மேலே ஆழ்கடலில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உருவான செர்ட். ஓமானிலும் சைப்ரஸின் டுரூடோஸ் மலையிலும் இந்த வரிசை பெருமளவு முழுமையாகக் காணக் கிடைக்கிறது. மோதல் மண்டலங்களில் அப்படி எதிர்பார்க்கக்கூடாது. அங்கே இது கிழிந்து, நசுங்கி, வேறு பாறைகளுடன் கலந்து, சில இடங்களில் சில நூறு மீட்டர் அகலமே உள்ள பட்டையாக இருக்கும். பெரிடோடைட் நீருடன் சேர்ந்து செர்பென்டைனாக மாறியிருப்பதால், கரும்பச்சை நிறமும் வழுவழுப்பும் அடையாளமாக உதவும். அந்த மண்ணில் செடிகொடிகள் குறைவாக வளர்வதால், தொலைவிலிருந்தே அந்தப் பட்டை வேறுபட்டுத் தெரிவதும் உண்டு.

இமயத்தில் இந்தத் தையல் உயர்ந்த சிகரங்களில் இல்லை. அவற்றுக்கு வடக்கே, சிந்து நதியும் சாங்போ நதியும் ஓடும் நெடிய பள்ளத்தாக்குகளை ஒட்டி அது செல்கிறது. அங்கிருந்து மேலும் வடக்கே பார்த்தால் லடாக்கிலும் தெற்குத் திபெத்திலும் பெரும் கிரானைட் பாறைத்திரள்கள் வரிசையாகக் கிடக்கின்றன. டெத்திஸ் என்னும் அந்தக் கடல் ஆசியாவுக்கு அடியில் அமிழ்ந்துகொண்டிருந்த காலத்தில், இன்றைய ஆண்டீஸில் இருப்பது போன்ற எரிமலை வரிசை அங்கே இருந்தது. எரிமலைகள் அரிக்கப்பட்டுப் போய், அவற்றுக்கு அடியில் ஆறி இறுகிய குழம்பே கிரானைட்டாக எஞ்சியிருக்கிறது. தையலின் எந்தப் பக்கத்தில் இந்த வரிசை இருக்கிறதோ, அந்தப் பக்கத்துக்கு அடியில்தான் கடல் அமிழ்ந்தது என்று தயங்காமல் குறித்துக்கொள்ளலாம்.

மூத்தது மேலே, இளையது கீழே

படிவுப்பாறைகளில் கீழுள்ளது மூத்தது, மேலுள்ளது இளையது என்பது அடிப்படை விதி. மலைத்தொடரில் இந்த விதி மீறப்பட்டிருக்கும் இடங்களைத் தேடுங்கள். இரு கண்டங்கள் நெருக்கும்போது மேலோடு மடிவதோடு நிற்பதில்லை. கிடைமட்டத்துக்கு அருகான சரிவில் உடைந்து, ஒரு பாறைத் தகடு மற்றொன்றின் மேல் ஏறிவிடுகிறது. இத்தகைய உந்துப் பிளவுகளே மலையை அடுக்கி உயர்த்துபவை. சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் பகுதியில் மலைச்சரிவுகளின் குறுக்கே, அளவுகோல் வைத்து இழுத்தது போன்ற ஒரு கோடு வெறும் கண்ணுக்கே தெரிகிறது. கோட்டுக்கு மேலே 25 முதல் 30 கோடி ஆண்டு வயதுள்ள பாறை, கீழே 3.5 முதல் 5 கோடி ஆண்டு வயதே உள்ள பாறை. இதை இரண்டு பெரும் மடிப்புகள் என்று விளக்க முற்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1884-இல் மார்செல் பெர்ட்ரான் என்னும் பிரெஞ்சு அறிஞர், ஒரே தகடு தெற்கிலிருந்து நகர்ந்து வந்து ஏறியது என்று கூறினார். புவித்தட்டுக் கொள்கை பிறப்பதற்கு ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு முன்பே, மேலோடு பல பத்துக் கிலோமீட்டர் கிடைமட்டமாக நகர முடியும் என்பதை ஒரு மலைச்சரிவு காட்டிவிட்டது.

நிலவியல் வரைபடத்தில் இப்பிளவுகள் பெரும்பாலும் முக்கோணப் பற்கள் பொருத்திய கோடுகளாக வரையப்படும். பற்கள் மேலேறிய தகட்டின் பக்கம் இருக்கும். இமயத்தில் வடக்கிலிருந்து தெற்காக மூன்று பெரும் உந்துப் பிளவுகளைக் காணலாம். தெற்கே செல்லச் செல்ல அவை இளையவை, தென்கோடியில் உள்ளது இன்றும் இயங்குவது. மலை சமவெளியை நோக்கி முன்னேறிக்கொண்டிருக்கிறது என்பதை இந்த வரிசை சொல்கிறது.

பாறை எவ்வளவு ஆழத்துக்குச் சென்று திரும்பியது?

உருமாறிய பாறைகளில் உள்ள கனிமங்கள், தாம் கண்ட அழுத்தத்தையும் வெப்பத்தையும் பதிவு செய்து வைத்திருக்கின்றன. நீல நிற கிளாக்கோஃபேன் கனிமம் உள்ள பாறை, அழுத்தம் மிகுந்தும் வெப்பம் அதற்கேற்ப உயராமலும் இருந்த சூழலைக் காட்டுகிறது. குளிர்ந்த கடல்தளம் சூடேறுவதற்குள் விரைந்து ஆழம் செல்லும் இடத்தைத் தவிர அத்தகைய சூழல் அரிது. ஆகவே நீலப்பாறை கண்ட இடத்தில் அமிழ்தல் நடந்தது என்று கொள்ளலாம். கார்னெட், கயனைட், சில்லிமனைட் என்னும் கனிமங்கள் மிகுந்திருந்தால், கண்டம் தடித்து, அடியில் இருந்த பாறை நெடுங்காலம் வெந்தது என்று பொருள்.

1984-இல் மேற்கு ஆல்ப்ஸின் டோரா மைரா பகுதியில், கண்ட மேலோட்டைச் சேர்ந்த பாறையின் கார்னெட்டுக்குள் கோசைட் என்ற கனிமத்தைக் கிறிஸ்தியன் ஷோப்பான் கண்டறிந்து வெளியிட்டார். குவார்ட்ஸ், சுமார் 90 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குரிய அழுத்தத்தில் மட்டுமே கோசைட்டாக மாறும். கண்டம் அமிழாது என்று மேலே எழுதியதற்கு இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. கடல்தளத்துடன் ஒட்டியிருக்கும் கண்டத்தின் விளிம்பு, அதன் இழுவையில் சிறிது தூரம் கீழே போகும். கடல்தளப் பகுதி அறுந்து விழுந்தவுடன், தக்கையைப் போல் மேலே எழும்.

வேரைக் கணக்கிடுதல்

மலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை ஒரு தூக்குக்குண்டு முதலில் காட்டிக்கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய நிலஅளவையின்போது, கலியானா, கலியான்பூர் என்னும் இரு இடங்களுக்கு இடையிலான அகலாங்கு வேறுபாடு, நிலத்தில் அளந்தபோது ஒருவாறும் விண்மீன்களைக் கொண்டு அளந்தபோது வேறுவாறும் வந்தது. வேறுபாடு கோண அளவில் 5 விநாடியைச் சற்றுத் தாண்டியதுதான். இமயத்தின் பெரும் நிறை தூக்குக்குண்டைத் தன்பால் இழுத்திருக்கலாம் என்று கருதிய ஜான் பிராட், அந்த இழுவையைக் கணக்கிட்டபோது 15 விநாடிக்கும் மேல் வந்தது. மலை இழுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கே இழுத்திருந்தது. 1855-இல் ஜார்ஜ் ஏரி என்னும் ஆங்கிலேய வானியலாளர் இதற்கு விளக்கம் தந்தார்: மேலே மலையாக நிற்கும் நிறையை ஈடுசெய்யும் வகையில், கீழே எடை குறைந்த மேலோடு வேர்போல் ஆழ இறங்கிக் கனத்த கவசத்தை விலக்கியிருக்கிறது.

இதை நீங்களே கணக்கிடலாம். மேலோட்டின் அடர்த்தியை 2.8 என்றும் கவசத்தின் அடர்த்தியை 3.3 என்றும் கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குத் தேவைப்படும் வேரின் ஆழம், 2.8-ஐ இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 0.5-ஆல் வகுக்கக் கிடைப்பது, அதாவது 5.6 கிலோமீட்டர். திபெத்தியப் பீடபூமியின் சராசரி உயரம் சுமார் 5 கிலோமீட்டர். வேர் 28 கிலோமீட்டர். இயல்பான தடிப்பான 35-உடன் இவை இரண்டையும் கூட்டினால் 68 கிலோமீட்டர் வருகிறது. நிலநடுக்க அலைகளைக் கொண்டு அளந்தபோது அங்கே மேலோட்டின் தடிப்பு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் என்றே தெரிய வந்தது.

இதே கணக்கை மறுபுறம் திருப்பினால் அரிப்பைப் பற்றிய உண்மை விளங்கும். மலையின் மேலிருந்து ஒரு கிலோமீட்டர் தடிப்புள்ள பாறையை அகற்றினால், சுமை குறைந்த வேர் மேலே எழுவதால், நிலமட்டம் சுமார் 150 மீட்டர்தான் தாழும். 5 கிலோமீட்டர் உயரத்தை முற்றிலும் அழிக்க 33 கிலோமீட்டர் பாறையை அரித்தாக வேண்டும். தேய்ந்துபோன பழைய மலைத்தொடர்களில், நிலத்துக்கு வெகு ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள் காலடியில் கிடப்பதன் காரணம் இது.

மோதலுக்கு நாள் குறித்தல்

பாறையின் வயதும் மலையின் வயதும் வேறு வேறு. மடிந்து சாய்ந்திருக்கும் அடுக்குகளில் மிக இளையது எது என்று பாருங்கள். மலை அதைவிட இளையது. மடிந்த அடுக்குகள் அரிக்கப்பட்டு, அவற்றின் மேல் சாயாமல் படிந்திருக்கும் அடுக்குகளில் மிக மூத்தது எது என்று பாருங்கள். மடிப்பு அதைவிடப் பழையது. இந்த இரண்டு எல்லைகளுக்கு இடையில்தான் விடை இருக்கிறது. தையலின் ஒரு பக்கத்துக்கே உரிய மணற்துகள்கள் மறுபக்கத்தின் படிவுகளில் முதன்முதலில் தோன்றும் அடுக்கும், கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் கடைசியாகத் தென்படும் அடுக்கும் அந்த இடைவெளியை மேலும் குறுக்கும். இமயத்துக்கு இவ்வாறு கிடைக்கும் காலம் பெரும்பாலும் 5 முதல் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று அமைகிறது. கடல்தளம் பிறந்தபோது இருந்த புவிக்காந்தத் திசையைப் பதிவு செய்து வைத்திருக்கும் காந்த வரிகளைப் படிக்கும் வழியை 1963-இல் ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் காட்டினர். இந்தியப் பெருங்கடலின் வரிகளைப் படித்ததில், அதே கட்டத்தில் இந்தியாவின் வேகம் ஆண்டுக்கு 15 செண்டிமீட்டர் அளவிலிருந்து 5 செண்டிமீட்டர் அளவுக்கு வீழ்ந்தது தெரிகிறது.

ஆண்டுக்கு 1 செண்டிமீட்டர் என்பது 10 லட்சம் ஆண்டுகளுக்கு 10 கிலோமீட்டர். இந்த மாற்றுக்கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பலவற்றைச் சரிபார்க்கலாம். ஆண்டுக்கு 5 செண்டிமீட்டர் என்று 5 கோடி ஆண்டுகள் நகர்ந்தால் 2,500 கிலோமீட்டர். இவ்வளவு நிலம் எங்கே போயிற்று? ஒரு பகுதி உந்துப் பிளவுகளில் அடுக்கப்பட்டது. ஒரு பகுதி திபெத்தைத் தடிக்கச் செய்தது. ஒரு பகுதி பக்கவாட்டில் பிதுங்கியது. 1982-இல் பால் தாப்போனியேயும் அவருடைய குழுவினரும் பிளாஸ்டிசின் களிமண் கட்டிக்குள், இந்தியாவுக்குப் பதிலாக ஒரு கடினமான கட்டையை அழுத்தி, களிமண் துண்டு துண்டாகப் பக்கவாட்டில் நழுவுவதைக் காட்டினர். தென்கிழக்கு ஆசியாவின் ஒரு பெரும் பகுதி அவ்வாறு நழுவியதே என்பது அவர்கள் வாதம். எவ்வளவு பிதுங்கியது, எவ்வளவு தடித்தது என்பதில் கருத்து வேறுபாடு இன்றும் உண்டு. எனினும் கண்டத்தின் உருவம் கரையோரத்தில் மட்டும் மாறுவதில்லை, நடுவயிற்றிலும் மாறுகிறது என்பதில் ஐயமில்லை.

தேய்ந்த மலைகளும் இடம் மாறிய கண்டங்களும்

யூரல் மலைத்தொடர் இன்று எந்தத் தட்டு எல்லையிலும் இல்லை. ஒரு கண்டத்தின் நடுவே இப்படித் தனித்து நிற்கும் மலைத்தொடர், அந்தக் கண்டம் ஒரு காலத்தில் இரண்டாக இருந்தது என்பதற்குச் சான்று. மறுபுறம், ஒரு மலைத்தொடர் கடற்கரையில் திடீரென்று அறுந்து நின்றால், அதன் மீதியைக் கடலுக்கு அப்பால் தேட வேண்டும். வட அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலை நியூஃபவுண்ட்லாந்தில் முடிகிறது. அட்லாண்டிக்கின் மறுகரையில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, நார்வே வழியாக அதன் தொடர்ச்சி செல்கிறது.

இதைச் செய்யும்போது இன்றைய கரைகளை ஒட்டவைத்து, ஒட்டிய கோட்டையே பழைய தையல் என்று கொள்வது எளிதில் நேரும் பிழை. 1966-இல் கனடிய அறிஞர் டூசோ வில்சன், அட்லாண்டிக் ஒருமுறை மூடிப் பிறகு மீண்டும் திறந்ததா என்று கேட்டு, அதற்கு விடையாக இந்தப் பகுதியின் புதைபடிவங்களையே காட்டினார். ஸ்காட்லாந்தின் வடமேற்கில் கிடைக்கும் மிகப் பழைய டிரைலோபைட்டுகள் (அழிந்துபோன, ஓடுடைய கடல்வாழ் உயிர்கள்) வட அமெரிக்க வகையைச் சேர்ந்தவை. கிழக்கு நியூஃபவுண்ட்லாந்தில் கிடைப்பவை ஐரோப்பிய வகையைச் சேர்ந்தவை. இவ்விரு உயிரினக் குழுக்களையும் பிரித்து வைத்திருந்த முந்தைய கடலுக்கு இப்போது இயாபெட்டஸ் என்று பெயர். அது மூடியபோது உண்டான தையலின் வழியே புதிய கடல் பிளக்கவில்லை. சில இடங்களில் சற்று விலகிப் பிளந்து, ஒரு கரையின் துண்டை மறுகரைக்குக் கொடுத்துவிட்டது. ஆகவே பழைய தையலை வரையும்போது கரையோரத்தை விட்டுவிட்டு, டிரைலோபைட்டுகள் வகை மாறும் இடத்தையும் செர்பென்டைன் பட்டையையும் பின்பற்றிச் செல்லுங்கள். அந்தக் கோடு ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நிலத்துக்குள்ளாகவே செல்வதைக் காண்பீர்கள்.